போறணைச் சாம்பல்

இரத்மலானை
2025 பெப்ரவரி 10

அன்புள்ள ஐறீன் அக்காவுக்கு,

டிசம்பர் நத்தாருக்குப் பிறகு என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் லொறியில் வரும் ரிப்கான் உங்கள் பேக்கரிக்கு விறகு இறக்கும்போது இதை உங்கள் கையில் தருவான். அத்தானுக்கு முன்னால் பிரிக்க வேண்டாம்.

நத்தார் சாப்பாட்டில் அத்தான் சொன்னது இன்னும் என் மனதில் இருக்கிறது. "உங்கட கொம்பனி தன்ட குப்பையை என்ட போறணையில போட்டு எரிச்சிட்டு, அதைப் படம் எடுத்து வெள்ளைக்காரனுக்குக் காட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனேன். அந்தச் சண்டையைத் தொடர இதை எழுதவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் மர யாட்டிலிருந்து வரும் மரத்துண்டுகளில் சில பச்சை நிறம் ஓடியவையாக இருக்கும். அவற்றை ஒதுக்கி வையுங்கள். பாண் சுடுகிற போறணைக்குள் போட வேண்டாம். ஏன் என்று பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். பெரிய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம், ஒரு முன்யோசனைதான். முடிந்தால் இந்தக் கிழமை விறகே எரிக்காமல் காஸில் சமாளியுங்கள்.

வாசித்ததும் கிழித்துவிடுங்கள். நான் பாவிப்பது கொம்பனி போன். யாரிடமாவது இரவல் போன் வாங்கிக் கதைக்கவும் பயமாக இருக்கிறது.

தம்பி,
பேர்னாட்


கொட்டாஞ்சேனை
12 பெப்ரவரி

தம்பி பேர்னாட்,

உன் கடிதத்தை மா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். கலியாணத்துக்கு முன்பு கூட எனக்கு யாரும் இப்படிக் களவாகக் கடிதம் தந்ததில்லை. ரிப்கான் முழித்த முழியைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

வாசித்து முடித்த பிறகு சிரிப்பு வரவில்லை. பெரிய பிரச்சினை இல்லை என்கிறாய், பிறகு கிழித்துவிடு என்கிறாய். இதில் எதை நம்ப?

பச்சைத் துண்டுகளை ஒதுக்கினால் எனக்கு விறகே மிஞ்சாது. போன வருஷம் நடுப்பகுதியிலிருந்து வருகிற லோட்டில் பாதிக்கு மேல் பச்சைதான். முன்பு நீ அனுப்பியது றப்பர் மரம். வெள்ளையாக இருக்கும், மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் தின்னும். இதற்குக் கறையான் கிட்டவும் வராது. உன் அத்தான் ரொனி இதைத்தான் தேடி எடுத்து முதலில் அடுக்குவார்.

காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருஷம், மாமா கட்டிய பழைய போறணையைத் தட்டித் துடைத்து மூட்டினோம். முதல் லோட் விறகை நீதான் அனுப்பினாய். அந்த நன்றியை நான் மறக்கிற ஆளில்லை. உன் கொம்பனிக்காரர் பிடித்த படம் இன்னும் எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது. நான் கையில் பாணோடு சிரிக்கிறேன், கீழே ‘கழிவு பூச்சியம்’ என்று போட்டிருக்கிறது. அதில் நான் குண்டாகத் தெரிகிறேன் என்பதுதான் என் ஒரே முறைப்பாடு.

எங்கள் போறணையில் உண்மையாகவே ஒன்றும் வீண் போவதில்லை. சாம்பலுக்குக் கூட ஆட்கள் இருக்கிறார்கள். மாமா காலத்து வழக்கம், உனக்கும் தெரியும். பின் ஒழுங்கைப் பெண்கள் வெறும் பால்மா டின்களைப் பின் கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள், ரொனி அள்ளி நிரப்பி வைப்பார். மீன் வெட்டும்போது வழுக்காமல் பிடிக்க அதுதான், சட்டி மினுக்கவும் அதுதான். "சட்டி கழுவுற பவுடருக்குச் சல்லி குடுக்க எனக்கென்ன விசரே" என்பா மீன் விற்கிற பிறிஜெற் அக்கா.

ரொனிக்கு உடம்பு சரியில்லை. கால் விரல்கள் விறைக்கின்றன என்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை. நகங்களில் குறுக்காக வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கின்றன. கல்சியம் குறைவு என்று நினைத்துப் பால் காய்ச்சிக் கொடுக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல். அந்த மரத்தில் என்ன இருக்கிறது?

ஐறீன்


இரத்மலானை
14 பெப்ரவரி

அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

போறணையை அணையுங்கள். இன்றைக்கே.

அந்தப் பச்சை மரம் பைன். கடலோர ஹோட்டல்களுக்குத் தூணும் பலகையும் அறுக்கிறோம். பைன் இந்த ஊர் ஈரத்தில் நாலு வருஷம் கூட நிற்காது. அதனால் ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் அடுக்கி, அமுக்கம் கொடுத்து, மருந்தை மரத்தின் நெஞ்சு வரைக்கும் ஏற்றுகிறோம். அதற்குப் பிறகு அது ஒரு தலைமுறைக்கு உக்காது. நட்டு வளர்த்த மரம் நின்று பிடித்தால் காட்டு மரத்தில் கை வைக்கத் தேவையில்லை. கொம்பனியின் சூழல் பொறுப்பாளனாக நான் மூன்று வருஷமாக மேடை போட்டுச் சொல்லி வருவது இதைத்தான், அது பொய்யுமில்லை.

அந்த மருந்தில் செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் இருக்கின்றன. ஆசனிக் நஞ்சு. மரம் மரமாக இருக்கும் வரை பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். எரித்தால் கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் முழுக்கச் சாம்பலில் தங்கும். மரத்தில் இருந்ததை விடச் சாம்பலில்தான் செறிவு கூட.

நீங்கள் போறணைக்குள்ளேயே விறகை எரித்து, சாம்பலை வழித்துவிட்டு, அதே தரையில்தான் பாணை வைக்கிறீர்கள். அந்த டின்களைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

டின்களை எல்லாம் திருப்பி எடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக் கானில் விட வேண்டாம். தடித்த பைகளில் கட்டி வையுங்கள், நான் அப்புறப்படுத்துகிறேன். அத்தானை டொக்டரிடம் கூட்டிப் போய்ச் சிறுநீர் சோதிக்கச் சொல்லுங்கள். நகத்துக் கோடு கல்சியம் இல்லை, அக்கா.

றப்பரோடு பைன் எப்படிக் கலந்தது என்று கேட்பீர்கள். யாட்டில் ஏதோ பிழை நடந்திருக்கிறது.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இதை இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். பசுமைச் சான்றிதழுக்காகச் சோதிக்கிற வெளிநாட்டுக்காரர்கள் மார்ச் முதல் கிழமை வருகிறார்கள். அவர்கள் போன பிறகு நானே மேலிடத்தில் கதைக்கிறேன். அதற்கு முன் வெளியில் வந்தால் யாட்டையே பூட்டிவிடுவார்கள். அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும். நானும்தான்.

பேர்னாட்


கொட்டாஞ்சேனை
20 பெப்ரவரி

பேர்னாட்,

போறணையை அணைத்துவிட்டேன். புகைக்கூடு வெடித்திருக்கிறது, மேசன் வந்து பார்க்க வேண்டும் என்று ரொனிக்குச் சொன்னேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, வெடிப்பைக் காணவில்லை என்று என்னோடு சண்டை. இப்போது காஸ் அடுப்பில் பணிஸ் மட்டும் போடுகிறோம். பாண் கேட்டு வருகிறவர்களை நான் ஏசி அனுப்புகிறேன். விற்ற பாணை எல்லாம் யார் யார் தின்றார்கள் என்று இரவில் ஒவ்வொரு முகமாக எண்ணுகிறேன்.

டொக்டரிடம் வெள்ளவத்தைக்குக் கூட்டிப் போனேன். கொட்டாஞ்சேனையில் காட்டினால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். நகத்தைப் பார்த்ததும் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டார். பேக்கரி என்று ரொனி சொன்னார். விறகைப் பற்றி நான் சொல்லவில்லை. நீ சொன்ன சோதனையையே அவராக எழுதித் தந்தார், முடிவு இன்னும் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ரொனி என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

டின்கள் பற்றிக் கேள். உண்மையைச் சொல்லத்தான் பின் ஒழுங்கைக்குப் போனேன். முதல் வீட்டு வாசலிலேயே நாக்கு எழும்பவில்லை. "விபூதிப் புதனுக்குக் கோயிலுக்குச் சாம்பல் வேணுமாம், போன வருஷத்துக் குருத்தோலை எரிச்ச சாம்பல் காணாதாம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எப்படி அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் நல்லாக வேலை செய்தது. கோயிலுக்கு என்றதும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, டின்னைத் துடைத்து இரண்டு கையாலும் தந்தார்கள். பிறிஜெற் அக்கா மட்டும் தன்னிடம் நிறைய இருக்கிறது, தானே கொண்டு வந்து தருகிறேன் என்றா. அவவுடையது வந்தால் முடிந்தது.

இனி உன் கதை. "யாட்டில் ஏதோ பிழை" என்று எழுதினாய் அல்லவா? ரிப்கானிடம் சும்மா கேட்டேன். அவன் ஒளிக்கத் தெரியாதவன். "பேர்னாட் சேர்தான் சென்ன அக்கா, ரெண்டு கும்பலையும் ஒண்டாப் போடச் செல்லி. கழிவு எண்டு ஒண்டும் மிஞ்சப் படாதாம்" என்றான்.

ஏதோ பிழையா, தம்பி? அந்தப் பிழைக்கு அம்மா வைத்த பெயர் பேர்னாட். என் புருஷனுடைய நகத்தில் இருக்கிறது நீ போட்ட கோடு.

ஐறீன்


இரத்மலானை
26 பெப்ரவரி

அக்கா,

ரிப்கானைக் காலி ஊருக்கு ஓடும் லொறிக்கு மாற்றிவிட்டார்கள். இதைத் தபாலில் போடுகிறேன்.

ஓம், நான்தான் சொன்னேன். பைன் துண்டுகளை நஞ்சுக் கழிவு என்று பதிந்து, தனியாகக் கட்டி, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அறிக்கையில் கழிவு என்று ஒரு வரி விழும். அந்த வரி விழாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல சூட்டில் எரிந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றும் நினைத்தேன். படித்தவன் அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள், நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜனவரி கடைசியில் ஒரு பழைய வகுப்புத் தோழன் தற்செயலாகச் சொல்லித்தான் ஆசனிக் எரிந்து அழியாது என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு எழுத அதற்குப் பிறகும் நாட்களைக் கடத்தினேன்.

நேற்று மனேஜரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அப்பிடி ஒரு விறகு எங்கட யாட்டில இருந்து போகவே இல்ல, விளங்கினதா?" என்றார். பிறகு போனைத் தரச் சொன்னார். கொடுத்துவிட்டேன். வாசலில் இருந்த காவற்காரன் என் பையைப் பிரித்துப் பார்த்தான்.

பயமாக இருக்கிறது அக்கா. அறைக் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

பிறிஜெற் அக்காவின் சாம்பல் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் நீங்களே போய் எடுங்கள். தயவுசெய்து.

பேர்னாட்


கொட்டாஞ்சேனை
4 மார்ச், செவ்வாய்

பேர்னாட்,

உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம்தான் கிடைத்தது. உன் நம்பரைத் திறந்து கோல் எடுத்தேன், போன் நிறுத்தி வைத்திருக்கிறது. ரிப்கான் இன்றைக்கு லீவாம், கிராண்ட்பாஸில் அவன் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்று இதை எழுதுகிறேன். உன் அறைக்குக் கொண்டு வருவான்.

பிறிஜெற் அக்காவிடம் இன்றைக்குக் காலையிலேயே போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாவாம். இருமலும் வாந்தியும் வயிற்றோட்டமும், மூச்சு எடுக்க முடியவில்லையாம். கோயிலுக்குக் கொடுக்கிற சாம்பல் கரடுமுரடாக இருக்கக் கூடாது என்று, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய வொயில் சாறித் துணியில் மூன்று தரம் அரித்திருக்கிறா. மா மாதிரி வரும் வரைக்கும் அரித்தாவாம். அரித்ததைத் தானே கோயிலில் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறா. நான் சொன்ன பொய்க்காக அந்த மனுசி இவ்வளவும் செய்திருக்கிறா.

கோயிலுக்கு ஓடினேன். ஃபாதர் நீர்கொழும்புக்குப் போய்விட்டார், நாளைக்கு விடியப் பூசைக்குத்தான் வருவாராம், போனும் எடுக்கிறாரில்லை. கோயில் அலுமாரித் திறப்பு வைத்திருக்கிற மனுசனிடம், "அந்தச் சாம்பல் சரியில்ல, எறிஞ்சிடுங்கோ" என்றேன். அவர் சிரித்தார். "சாம்பலில என்ன பிள்ள நல்ல சாம்பல், கெட்ட சாம்பல்? ஓலைச் சாம்பலோட கலந்து வச்சாச்சு" என்றார். ஏன் சரியில்லை என்று சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் அலுமாரியைத் திறந்திருப்பார். சொல்ல முடியவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி பாணைப் பற்றித்தான் வரும். ரொனிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சோதனை முடிவு என் கைப்பையில் இருக்கிறது, அதில் நஞ்சு இருக்க வேண்டியதை விடப் பல மடங்கு.

நாளைக்குக் காலையில் அத்தனை பேரும் நெற்றியைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கைப்பிள்ளைகளுக்கும் பூசுவார்கள். பிள்ளைகள் நெற்றியைத் தடவிவிட்டு விரலை வாயில் வைக்கும்.

நடுப் பூசையில் எழும்பிக் கத்தலாம் என்று நினைத்தேன். உனக்குத் தெரியும், அந்த உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் கோயில்களில் ஒரு கதிரை விழுந்தாலே சனம் வாசலுக்கு ஓடுகிறது. நான் கத்தினால் மிதிபட்டுச் சாவார்கள்.

நீ வா. எனக்கு அந்த மருந்தின் பெயர் கூடச் சரியாகச் சொல்ல வராது. நீ சொன்னால் ஃபாதர் கேட்பார். கோயிலின் பக்கக் கதவடியில் நிற்பேன். உன்னோடு இருக்கிற கோபம் எல்லாம் பிறகு. இப்போது நீ வா.

அக்கா


கொட்டாஞ்சேனை
7 மார்ச்

பேர்னாட்,

நீ வரவில்லை. பூசை மணி அடிக்கும் வரைக்கும் பக்கக் கதவடியில் நின்றேன். ஃபாதரின் கார் பிந்தித்தான் வந்தது, உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே பீடத்துக்குப் போய்விட்டார்.

வரிசையில் எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். பின்னால் யாரோ, "சொர்க்கத்துக்கும் முந்தப் பாக்கிறா" என்று சொன்னது கேட்டது. ஃபாதர் பெருவிரலைக் கிண்ணத்துக்குள் வைத்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "ஃபாதர், இது எங்கட போறணைச் சாம்பல். இதுக்குள்ள நஞ்சு இருக்கு. தயவுசெய்து பூசாதேங்கோ" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. கிண்ணத்தைத் துணியால் மூடினார், கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் வெறும் கையால் சிலுவை வரைந்துவிட்டார். ஒருவரும் ஓடவில்லை.

பூசை முடிந்ததும், "வெளியில வந்து நீங்களே சொல்லுங்கோ" என்றார். படியில் நின்று சொன்னேன். விறகு, பாண், டின், கோயிலுக்கு என்று நான் சொன்ன பொய், எல்லாம். கூட்டத்தில் ரொனி நின்றதை நான் பாதியில்தான் கண்டேன். அவர் முதன்முதலாகக் கேட்டது அங்கே, ஊரோடு சேர்ந்து. என்னைப் பார்க்கவில்லை. தன் பத்து நகத்தையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில். விறகு நின்றதால் மெல்ல மெல்லத் தேறும் என்கிறார்கள். என்னோடு கதைக்கிறாரில்லை, ஆனால் நான் கொண்டு போகிற சோற்றைத் தின்கிறார். பேக்கரி பூட்டு. பொலிஸும் சுகாதாரப் பரிசோதகரும் வந்து போறணைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். ஏசுவதற்கு வருகிறார்கள் என்று நினைத்து ஒளிந்தேன். ஏசவில்லை. "ஐறீன், இவவின்ட நகத்தைப் பாருங்கோ, இது அதுவோ?" என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடுகிறது.

பிறிஜெற் அக்காதான் மோசம். டொக்டர் கேட்கிறார், மரத்துக்கு என்ன மருந்து, எவ்வளவு ஏற்றியது என்று தெரிந்தவர்கள் எழுதித் தந்தால் அவவுக்குச் சரியான சிகிச்சையை நிச்சயமாகத் தொடங்கலாமாம். உன் கொம்பனியைக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விறகு போகவே இல்லையாம்.

ரிப்கான் அன்றைக்குத் தட்டியபோது நீ உள்ளே இருந்தாயாம். கதிரை நகர்ந்த சத்தம் அவனுக்குக் கேட்டதாம். கதவுக்கடியால் தள்ளிவிட்டு வந்தேன் என்றான். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. படியில் நின்று சொன்னபோதும் உன் பெயரைச் சொல்லவில்லை, தம்பி. அதை நீயே சொல்ல வேண்டும்.

அக்கா


கொழும்பு, ஆஸ்பத்திரி
9 மார்ச், ஞாயிறு

அக்கா,

நர்ஸ் தந்த தாளில் எழுதுகிறேன். ரிப்கான் கேற்றடியில் நிற்கிறான், இதை வாங்கிக்கொண்டு நேரே உங்களிடம் வருவான்.

அன்றைக்கு நான் உள்ளே இருந்தது உண்மைதான். உங்கள் கடிதத்தை விடியும் வரை கையில் வைத்திருந்தேன். சப்பாத்தையும் போட்டேன். கதவைத் திறக்க முடியவில்லை.

இன்றைக்குத் திறந்தேன். மருந்தின் பெயர், எவ்வளவு ஏற்றுகிறோம், எந்த மாதத்திலிருந்து உங்களுக்கு அனுப்பினோம், யார் சொல்லி அனுப்பினது, எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்து டொக்டரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி பொலிஸுக்குப் போகும் என்றார். போகட்டும் என்றேன். பிறிஜெற் அக்காவுக்கு அதே மணித்தியாலத்தில் ஊசி மருந்து தொடங்கினார்கள். பிந்தித்தான் தொடங்குகிறோம், ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்கிறார். அத்தானையும் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு பிறிஜெற் அக்காவின் கட்டிலடிக்குப் போனேன். ஒட்சிசன் முகமூடியை விலக்கிவிட்டு, "ஆர் நீங்க?" என்று கேட்டா. அந்த விறகை அனுப்பினவன் என்றேன். கோபிப்பா என்று நினைத்தேன். "நான் குடுத்த சாம்பலை ஆருக்கும் பூசினவையோ? பிள்ளையளுக்குப் பூசினவையோ?" என்றுதான் கேட்டா. சாம்பலில் நஞ்சு என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பயத்தோடுதான் படுத்திருந்திருக்கிறா, யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. இல்லை, ஐறீன் அக்கா தடுத்துவிட்டா என்றேன். கண்ணை மூடிக்கொண்டா. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

திரும்பவும் கண்ணைத் திறந்து, "அப்ப ஐறீனுக்கு முதலே தெரியுமோ? என்னட்ட ஏன் கோயிலுக்கு எண்டு சொன்னவ?" என்று கேட்டா.

அதை ஐறீன் அக்காதான் சொல்ல வேண்டும் என்றேன். கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறா. நீங்கள் வந்து சொல்லுங்கள். வரும் வரைக்கும் நான் பக்கத்தில் இருக்கிறேன்.

பேர்னாட்